வேட்டி வெள்ளையா இருக்கா?

“அண்ணே, அப்டேட் போட்டேன், கலர் போச்சு” என்று போன் வந்தால் எந்த சாஃப்ட்வேர், எந்தப் பதிப்பு என்றெல்லாம் நான் உடனே கேட்பதில்லை. “வேட்டி வெள்ளையா இருக்கா?” என்று கேட்பேன். அடுத்து, மண்டப வாசலில் கட்டிய வாழைமரம் பச்சையாகத் தெரிகிறதா? பிறகு குங்குமம். அதற்குப் பிறகு தலைமுடி. கல்யாண வீடியோவில் இந்த நான்கும் இல்லாத பகுதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொலைக்காட்சி நிலையத்தில் வண்ணப்பட்டைகளை ஓடவிட்டு நிறம் பார்ப்பார்கள். எங்களுக்கு மணமேடையே போதும்.

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். கேசட்டை வைத்து ‘மிக்சிங்’ செய்த காலத்தில் உள்ளே வந்தவன். மிக்சிங் போய் எடிட்டிங் வந்தது, கேசட் போய் மெமரி கார்டு வந்தது. நடுவில் எப்படியோ சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்களின் நிறத் தகராறெல்லாம் என் மேசைக்கு வர ஆரம்பித்தது. பிளேயரைப் புதுப்பித்தேன், எடிட்டிங் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தேன், விண்டோஸ் தானாகவே ராத்திரியில் எதையோ போட்டுக்கொண்டது: தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

நான் பார்த்தவரை, அப்டேட் நிறத்தைக் கெடுப்பது அபூர்வம். கோப்புக்குள் நிறம் என்று ஒன்று கிடையாது. எண்கள் இருக்கின்றன, அந்த எண்களை எப்படி நிறமாக்க வேண்டும் என்று சொல்லும் சிறு குறிப்புகள் ஓரத்தில் இருக்க வேண்டும். பல கோப்புகளில் அந்தக் குறிப்பே இருக்காது. அளவுச் சீட்டில் 36 என்று மட்டும் எழுதி, அங்குலமா சென்டிமீட்டரா என்று சொல்லாமல் தையல்காரரிடம் கொடுத்தால் அவர் தன் பழக்கப்படி வெட்டுவார். சட்டை பொருந்திவிட்டால் சீட்டில் குறை இருந்தது யாருக்கும் தெரியாது. பழைய பதிப்பு ஒரு பழக்கப்படி ஊகித்தது, அது பொருந்தியது. புதிய பதிப்பு வேறு மாதிரி ஊகிக்கிறது. சில சமயம் ஊகிப்பதையே விட்டுவிட்டு, கோப்பின் ஓரத்தில் யாரோ தப்பாக எழுதி வைத்ததை நம்பத் தொடங்குகிறது. கோளாறு பல வருஷமாக அங்கேயே இருந்திருக்கும். வெளியே தெரிந்தது இன்றைக்கு.

எளிதானதிலிருந்து வருகிறேன். நீல முகம்.

“வேட்டி வெள்ளைதான் அண்ணே. வாழைமரமும் பச்சைதான். மாப்பிள்ளைதான் நீலமா இருக்காரு.” பொண்ணு? “அதுவும் நீலம்தான்.” குங்குமம்? “நீலம்.” கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும். ஆல்பம் வாங்க ஆள் வந்து உட்கார்ந்திருக்கும் ஸ்டுடியோக்காரருக்கு வராது.

வீடியோ கோப்பு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகச் சேமிப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஓர் எண், நிற வேறுபாட்டுக்கு இரண்டு எண்கள். மனிதக் கண் வெளிச்சத்தைக் கூர்மையாகவும் நிறத்தைக் கொஞ்சம் மந்தமாகவும் பார்ப்பதால், சாதாரணக் கோப்புகளில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு நிற ஜோடிதான் இருக்கும். இடம் மிச்சம். இந்த இரண்டு நிற எண்களில் ஒன்று நீலத்தின் பக்கம் பேசும், மற்றது சிவப்பின் பக்கம். இரண்டும் இடம் மாறிவிட்டால் சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்த தோலும் குங்குமமும் நீலத்துக்குப் போய்விடும். மஞ்சள் கயிறு பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்துக்கு மாறும். வெள்ளையிலும் சாம்பலிலும் இரண்டு எண்களும் நடுவே 128இல் நிற்பதால், மாற்றினாலும் வேட்டி வேட்டியாகவே இருக்கும். வாழை இலையில் இரண்டுமே நடுவுக்குக் கீழே இருப்பதால் அதுவும் ஏறத்தாழப் பச்சையாகவே இருந்துவிடும். அதனால்தான் வேட்டியையும் வாழைமரத்தையும் கேட்கிறேன். இரண்டும் பிழைத்து முகம் மட்டும் நீலமானால், எண்கள் வரிசை மாறியிருக்கின்றன.

இது வழக்கமாக பிளேயருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் நடப்பது. வீடியோவை விரித்துக் காட்டும் வேலையை பிளேயர் தானே செய்யாமல் கார்டிடம் ஒப்படைக்கிறது. அதற்கு ஹார்டுவேர் டீகோடிங் என்று பெயர். அப்டேட்டில் ஒரு பக்கம் வரிசையை மாற்ற, மற்றப் பக்கம் பழைய டிரைவரோடு அப்படியே இருக்கும். 2012இல் லினக்ஸ் வைத்திருந்தவர்களில் பலர் யூடியூபில் நீல மனிதர்களைப் பார்த்ததும் இதே வகைதான். பிரௌசரில் இருந்த வீடியோ செருகியின் புதுப் பதிப்பு அப்போது கார்டின் டீகோடரைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. தீர்வு அன்றும் இன்றும் ஒன்றே: அமைப்புகளில் போய் ஹார்டுவேர் டீகோடிங்கை அணைத்து, பிளேயரை மூடித் திறக்க வேண்டும். மாப்பிள்ளை பழைய நிறத்துக்கு வந்துவிடுவார். பிறகு நிதானமாக டிரைவரைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

முழுத் திரையும் கரும்பச்சையாக நின்றுபோவதும் இந்த வீட்டுப் பிள்ளைதான். டீகோடர் ஒன்றும் எழுதாமல் விட்ட நினைவகத்தில் மூன்று எண்களும் பூஜ்யமாக இருக்கும். வெளிச்சம் பூஜ்யம் என்றால் கறுப்பு வர வேண்டாமா என்று கேட்பார்கள். நிற எண்களுக்கு நடு 128 என்பதால், பூஜ்யம் என்பது இரண்டு பக்கமும் அதிகபட்சமாக எதிர்த்திசையில் இழுப்பது. சிவப்பும் நீலமும் அடியோடு போய், பச்சை மட்டும் ஏறத்தாழ 135இல் நிற்கும். பச்சைத் திரை வந்தால் நிறத்தைத் திருத்த முயலவே வேண்டாம். படம் வந்து சேரவில்லை, அவ்வளவே.

பெரிய கோளாறுகள் இப்படிச் சுலபத்தில் அடங்கிவிடும். வாடிக்கையாளருக்குக் கண்ணில் பட்டும் படாமலும் இருக்கிற கோளாறுதான் பாடாய்ப் படுத்தும்.

தலைமுடியை ஏன் கேட்கிறேன் என்றால் அது கறுப்பைச் சொல்லும். எட்டு பிட் வீடியோவில் 0 முதல் 255 வரை இடம் உண்டு. ஆனால் தொலைக்காட்சிக்காரர்கள் கறுப்பை 16இலும் வெள்ளையை 235இலும் வைத்து, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டார்கள். டிஜிட்டல் வீடியோவுக்கான 601 என்ற தரம் 1982இல் வந்தது. நம் ஊரில் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்த அதே வருஷம். கணினிக்காரர்களுக்கு அந்த ஒதுக்கீடெல்லாம் கிடையாது, 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. வழியில் யாராவது ஒருவர் 16ஐ இழுத்து 0க்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் ஒரே ஒருவர்தான் செய்ய வேண்டும். யாருமே செய்யாவிட்டால் தலைமுடி சாம்பலாகி, வேட்டி மங்கி, படம் முழுக்க ஒரு வெளிறல் படரும். இரண்டு பேர் செய்துவிட்டால் முடி ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும், பட்டு வேட்டியின் மடிப்பும் கூந்தலில் மல்லிகையின் இதழ்களும் காணாமல் போகும்.

இதைக் காட்ட ஸ்டுடியோக்காரர்கள் மானிட்டரை மொபைலில் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. மொபைல் கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்துதான் எடுக்கும். எனக்கு வேண்டியது ஸ்கிரீன்ஷாட். அதை என் மானிட்டரில் பார்த்து, இங்கே சரியாக இருந்தால் அவர்கள் பிளேயரும் கோப்பும் நிரபராதிகள். கார்டிலிருந்து வெளியே போகிற வழியில், அதாவது டிரைவரின் வெளியீட்டு அமைப்பிலோ மானிட்டரிலோதான் தகராறு. ராத்திரியில் கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ வசதிகூட ஸ்கிரீன்ஷாட்டில் ஏறாது. அதை அணைக்க மறந்துவிட்டு, அப்டேட் கெடுத்துவிட்டது என்று விடியவிடியக் கலர் கரெக்‌ஷன் செய்தவர்கள் உண்டு.

இப்போது மண்டபங்களில் எல்இடி வால் வைக்காத வரவேற்பு கிடையாது. ஒருமுறை மணமக்களின் சிறுவயதுப் படங்களைக் கோர்த்த வீடியோ ஓட வேண்டும். வெள்ளோட்டத்தில் எல்லாமே வெளிறிப்போய் வருகிறது. லேப்டாப் கொண்டுவந்த தம்பி எல்இடிக்காரரைக் குறை சொல்கிறார், எல்இடிக்காரர் வீடியோவைக் குறை சொல்கிறார், பெண்ணின் சித்தப்பா இருவரையும் சொல்கிறார். லேப்டாப்பின் சொந்தத் திரையில் படம் நன்றாகவே இருந்தது. கிராபிக்ஸ் டிரைவர் சமீபத்தில் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, பழைய அமைப்புகளையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. எச்டிஎம்ஐ கேபிளின் மறுமுனையில் இருப்பது ஒரு டிவி என்று நினைத்து 16–235 கணக்கில் படத்தை அனுப்பியது. எல்இடியின் பெட்டி அதை 0–255 என்று எடுத்துக்கொண்டது. டிரைவர் அமைப்பில் வெளியீட்டு வீச்சை ‘ஃபுல்’ என்று மாற்றியதும் கறுப்பு கறுப்பானது. வீட்டு டிவிகளிலும் இதற்கு ஓர் அமைப்பு உண்டு. ஒன்றில் ‘பிளாக் லெவல்’ என்றிருக்கும், இன்னொன்றில் ‘ஆர்ஜிபி ரேஞ்ச்’ என்றிருக்கும், ரிமோட்டில் நாலு படி உள்ளே போனால்தான் கிடைக்கும்.

அன்றைக்கு அந்தத் தம்பி சொன்ன வழி வேறு. “கான்ட்ராஸ்ட்டை ஏத்தி இன்னொரு வாட்டி ரெண்டர் போட்டுடுறேன்.” எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். எல்இடியில் தெரிந்த குறைக்கு வீடியோவில் மருந்து போட்டால், அந்தத் திரையில் மட்டும் சரியாகி, மொபைலில், வீட்டு டிவியில், பத்து வருஷம் கழித்துப் பார்க்கிற எந்தத் திரையிலும் முகங்கள் கருகிப்போய்த் தெரியும். குறை எந்தக் கண்ணியில் இருக்கிறது என்று தெரியாமல் கோப்பைத் தொடக் கூடாது.

கோப்பிலேயே குறை இருந்த கதை ஒன்று சொல்ல வேண்டும்.

மாயவரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்தார். அவருடைய கல்யாணக் கேசட்டை முன்பே டிவிடியாக மாற்றி வைத்திருந்தார்கள். பிறகு வேறொரு கடையில் அதை ‘எச்டி’ ஆக்கிப் பென் டிரைவில் வாங்கியிருந்தார்கள். பென் டிரைவ் படத்தை மகனின் கணினியில் ரொம்ப நாளாகப் பார்த்து வந்தார்கள், குறை ஒன்றும் தெரியவில்லை. பிளேயரைப் புதுப்பித்த பிறகு, “என் கூறை இப்படிச் செங்கல் நிறத்துல இருந்ததில்ல” என்று அம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டார். மகனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. “அம்மாவுக்கு வயசாச்சு சார்” என்றார். நான் அம்மாவைத்தான் நம்பினேன். கூறைநாடு இருக்கிற ஊர்க்காரர், தன் கூறைப்புடவையின் அரக்கை மறந்திருக்க மாட்டார். பையிலிருந்து அந்தப் புடவையையே எடுத்து மேசையில் வைத்தார்.

விஎச்எஸ் கேசட்டில் பதிந்த சிவப்பு ஒருநாளும் புடவைச் சிவப்பாக இருக்காது. கலங்கும், ஓரம் தாண்டி வழியும். அதனால் புடவையை மானிட்டர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமான சோதனை இல்லை. டிவிடியையும் பென் டிரைவ் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். வேட்டி இரண்டிலும் ஒன்றுதான். தலைமுடி ஒன்றுதான். நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் பார்த்தால் கூறை மட்டும் ஆரஞ்சுப் பக்கம் நகர்ந்திருந்தது. வாழை இலை ஒரு சாயல் இருண்டிருந்தது. சிவப்பு ஆரஞ்சுக்கு நகர்வதும் பச்சை இருள்வதும் சேர்ந்து வந்தால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

நிற எண்களைச் சிவப்பு, பச்சை, நீலமாக மாற்ற ஒரு சூத்திரம் வேண்டும். பழைய 601 தரத்தில் வெளிச்சத்தின் கணக்கு: சிவப்பு 0.299, பச்சை 0.587, நீலம் 0.114. எச்டிக்காக 1990இல் வந்த 709இல் சிவப்பு 0.2126, பச்சை 0.7152, நீலம் 0.0722. ஒன்றில் எழுதியதை மற்றதில் படித்தால் வெள்ளையும் கறுப்பும் சாம்பலும் கொஞ்சமும் மாறாது. நிறமுள்ளவை மட்டும் நகரும், அதுவும் கொஞ்சமாக. வேட்டிக் கேள்வி தோற்கும் இடம் இது. அந்தக் கடையில் 576 கோடு உள்ள பழைய படத்தை 1080 கோடாகப் பெரிதாக்கியவர்கள் நிற எண்களை 601 கணக்கிலேயே விட்டுவிட்டார்கள். எந்தக் கணக்கு என்ற குறிப்பையும் எழுதவில்லை. பழைய பிளேயர் குறிப்பில்லாத எல்லாவற்றையும் 601 என்றே படித்தது, அதனால் கூறை தப்பித்தது. புதிய பதிப்பு இன்றைய பல பிளேயர்களைப் போலக் கோடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கியது: 576க்குள் இருந்தால் 601, அதற்கு மேல் இருந்தால் 709. உலகத்திலுள்ள பெரும்பாலான கோப்புகளுக்கு அது சரியான ஊகம். இந்த அம்மாவின் கோப்புக்குத் தவறு.

கோப்பின் ஓரக் குறிப்பைப் பார்க்க மீடியாஇன்ஃபோ போதும், இலவசம். இன்னும் விவரமாக வேண்டுமானால் எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப். நான்கு விவரம் பார்ப்பேன்: வீச்சு 16–235ஆ முழுதா, முதன்மை நிறங்கள் எவை, ஒளி வளைவு எது, சூத்திரம் எது. அம்மாவின் கோப்பில் நான்கும் காலி. எச்.264 கோப்பாக இருந்தால் படத்தைத் தொடாமல், மறுபடி ரெண்டர் போடாமல், அந்தக் குறிப்பை மட்டும் எஃப்எஃப்எம்பெக்கில் எழுதிச் சேர்க்கலாம். காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும், தரம் ஒரு துளி குறையாது. எழுதிக் கொடுத்தேன், மகனின் கணினியில் கூறை திரும்பி வந்தது. ஆனால் சில டிவிகள் ஓரக் குறிப்பைச் சட்டையே செய்வதில்லை, அளவைப் பார்த்துத் தானே முடிவெடுத்துக்கொள்ளும். அம்மா இனிமேல் டிவியில்தான் பார்க்கப் போவதாகச் சொன்னார். அதற்காக நிற எண்களையே முறையாக 709 கணக்குக்கு மாற்றி இன்னொரு கோப்பும் போட்டேன். அதற்கு நேரமும் ஆனது, காசும் ஆனது. அம்மா பேரம் பேசவில்லை, மகன் பேசினார்.

இப்போது வரும் தகராறுகளில் பெரும்பகுதி மொபைல் படங்களால். தாலி கட்டும் நேரத்தில் பெரிய கேமராவுக்கு முன்னால் மாமாவின் தோள் வந்துவிட்டால், பெண்ணின் தோழி எடுத்த மொபைல் கிளிப்தான் கதி. ஐபோன் 12 வந்த 2020க்குப் பிறகு அந்த வரிசை மொபைல்கள் நாம் கேட்காமலேயே எச்டிஆரில் எடுக்கின்றன. அதன் ஒளி வளைவு எச்எல்ஜி, பிபிசியும் ஜப்பானின் என்எச்கேயும் சேர்ந்து உருவாக்கியது. நிற எல்லையும் 709ஐவிட அகலம். முதன்மை நிறங்கள், ஒளி வளைவு, சூத்திரம் என்ற வரிசையில் சாதாரணக் கோப்பின் குறிப்பு 1-1-1 என்றால் இதன் குறிப்பு 9-18-9. இந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாத எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டால் படம் வெளிறி, தோல் உயிரில்லாமல் தெரியும். நம் ஆட்கள் சளைப்பார்களா? செறிவை ஏற்றி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றிக் கையாலேயே சரிக்கட்டிவிடுவார்கள். அப்டேட் வருகிறது. சாஃப்ட்வேர் இப்போது 9-18-9ஐப் படித்துத் தானே சரியாக மாற்றிவிடுகிறது. அதன் மேல் பழைய கைத்திருத்தமும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பாதி முடிந்த ப்ராஜெக்டைத் திறந்தால் தோழி எடுத்த கிளிப்புகளில் மட்டும் எல்லார் முகமும் ஆரஞ்சு.

இதில் யார் பக்கம் நியாயம் என்றால் சாஃப்ட்வேர் பக்கம்தான். ஆனாலும் மூன்று நாளில் ஆல்பம் கொடுக்க வேண்டியவனிடம் நியாயம் பேச முடியாது. தானாக மாற்றும் வசதியை அந்தக் கிளிப்புகளுக்கு மட்டும் அணைத்து ப்ராஜெக்டை முடிக்கச் சொல்வேன். புது ப்ராஜெக்டில் அதை இயக்கத்தில் வைத்துவிட்டு, கைத்திருத்தத்தை விட்டுவிட வேண்டும். இரண்டையும் கலந்தால் யாராலும் மீட்க முடியாது.

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஆவணியிலும் தையிலும் எதையும் புதுப்பிக்கக் கூடாது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்தான் அப்டேட். அதற்கு முன்னால் பழைய பதிப்பின் நிறுவல் கோப்பையும் டிரைவரையும் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுவோம். முடிந்த ப்ராஜெக்டுகளிலிருந்து ஒரு நிமிடத் துண்டு ஒன்றைப் பழைய பதிப்பில் எக்ஸ்போர்ட் செய்து வைத்திருப்போம். புதுப்பித்த பிறகு அதே துண்டை மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, இரண்டையும் வேவ்ஃபார்மிலும் வெக்டர்ஸ்கோப்பிலும் ஒப்பிடுவோம். கண்ணால் ஒப்பிடுவதில்லை. காலையில் பார்த்த கண் வேறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிற கண் வேறு. அந்தத் துண்டில் அரக்குப் பட்டு, வாழை இலை, வேட்டி, கருப்புக் கோட்டு, ஒரு மொபைல் கிளிப், ஒரு பழைய கேசட் காட்சி எல்லாம் இருக்கும்படி கோர்த்திருக்கிறேன்.

வேலைக்கு இருக்கும் தம்பிகளுக்கு இந்தச் சட்டம் பிடிக்காது. புதுப் பதிப்பில் முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதி வந்திருக்கிறது, பின்னணியைத் தானே வெட்டும் வசதி வந்திருக்கிறது என்று வீடியோ போட்டுக் காட்டுவார்கள். ஆடி வரட்டும் என்பேன். அதில் ஒருவர் வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து எந்தெந்த இடம் மாறியிருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுக்கிறார். ஓய்வு நேரத்தில் அவர் செய்கிற அந்த வேலைக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆடிப் பட்டியலில் இந்த முறை முதல் வரி அவர் எழுதியதுதான்: புதுப் பதிப்பு எக்ஸ்போர்ட் செய்யும்போது நான்கு குறிப்புகளையும் தானே எழுதுகிறது, பழைய டெம்ப்ளேட்டில் நாம் கையால் எழுதியதை எடுத்துவிட வேண்டும்.